பூசத்தன்று பின்தங்கும் கடிகாரம்

"செல்ல மாத்திட்டேன் சார். ரெண்டு தடவ மாத்திட்டேன்."

"புது செல்லுதானே? கடைக்காரன் பழசத் தொடச்சுக் குடுத்துருக்கப் போறான்."

"கவர நான்தான் சார் பிரிச்சேன்."

"அப்பறம் ஏன்மா அது பின்னால போவுது? கடிகாரம்னா ஓடும், இல்லன்னா நிக்கும். ரிவர்ஸ் கியர் போட்ட கடிகாரத்த எங்கயாவது பாத்துருக்கியா நீ?"

சண்முகப்ரியா பார்த்ததில்லை. கேட்ட பாலகுமாரும் பார்த்ததில்லை. நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்று அறைகளை வாடகைக்குப் பிடித்து, சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற தொழிலை வெகுகாலமாக நடத்திவருகிறவர் அவர். ப்ரியா அவரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு, விடை தெரியாமல் அவர் தலையைச் சொறிவதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

விவகாரம் இதுதான். சுரங்கத்துக்கு ஒப்பந்த ஆட்களை அனுப்பும் கதிரொளி என்டர்பிரைசஸுக்கு மைன்ஸ் ரோட்டில் ஒரு லேபர் கேட் இருந்தது. விரல் வைத்தால் வருகையைப் பதிந்துகொள்ளும் மெஷின்கள் அங்கே வரிசையாகச் சுவரில் மாட்டியிருந்தன. அந்த மெஷின்களுக்கு மணி சொல்வது கேட்டில் இருந்த ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்கு மணி சொல்ல வேண்டியது பாலகுமாரின் அறையில் இருந்த சர்வர். காலை எட்டு மணிக்குள் விரல் வைத்தாக வேண்டும். மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் கேட் பாஸ் ரத்து. ரத்தான பாஸ் யாருக்கும் திரும்பக் கிடைத்ததில்லை.

போன மாதம் பாலகுமார் சர்வரில் புதிதாக ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தார். தன் நேரத்துக்கும் பேச வருகிற மெஷினின் நேரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், 'நீ யாரென்றே எனக்குத் தெரியாது' என்று சர்வர் கதவைச் சாத்திக்கொள்ளும். வெளியாள் யாராவது பழைய நேரத்தைக் காட்டி உள்ளே நுழையாமல் இருப்பதற்காக அப்படி. ஏற்பாடு வந்து சில நாட்களிலேயே, ஒரு காலையில், கேட் கம்ப்யூட்டர் இருபது நிமிடம் பின்தங்கிவிட்டது. சர்வர் கதவைச் சாத்தியது. சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, நாள் முழுக்கக் கன்வேயருக்கு அடியில் சிந்திக்கிடந்த கரியை அள்ளிப்போட்ட பெண்கள் அத்தனை பேரும் அன்று வேலைக்கே வராதவர்களாகப் பதிவாகிப்போனார்கள். கதிரொளிக்காரர்கள் இந்த வாரத்துக்குள் காரணம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ப்ரியா மூன்று தடவை கேட்டுக்குப் போய்வந்தாள்; அதில் இரண்டு தடவை, கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட்டுகிற செல்லை மாற்றினாள். போகும்போதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாகச் சரியான மணி காட்டியது. திரும்பி வந்து, மறுநாள் காலை இங்கிருந்தபடி எட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ பின்னால் நின்றது. ஒன்பது மணிக்குள் தானாகச் சரியாகிவிட்டது. நேரம் மாறியதை அதுவே குறித்து வைத்திருந்தது. மாற்றியது யார் என்ற இடத்தில் 'கேட்' என்று மட்டும் இருந்தது. அங்கே எல்லாருக்கும் பொதுவான பெயர் அது; கம்ப்யூட்டர் தன்னைத் தானே திருத்திக்கொண்டாலும் அதே பெயர்தான் விழும்.

"பேய் புடிச்சிருக்கு சார் அதுக்கு."

"பேய்க்கு எல்லாம் நம்மகிட்ட சர்வீஸ் கான்ட்ராக்ட் கெடையாது. போயி டேட்டாவப் பாரு."

இந்த வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்தது நேரம்தான். மற்றவர்களுக்கு அது திரையின் மூலையில் கிடக்கிற நான்கு எண்கள். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் மணி கேட்கிற விதத்தை முதன்முதலாகத் தெரிந்துகொண்ட அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனிதர்கள் மணி கேட்டால், சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கம்ப்யூட்டர் அப்படியில்லை. 'இதைக் கேட்கும்போது என்னிடம் இவ்வளவு மணி' என்று தன் நேரத்தையும் எழுதிக் கேள்வியோடு அனுப்புகிறது. கேள்வி வந்துசேர்ந்த நேரம், பதில் புறப்படுகிற நேரம் இரண்டையும் சர்வர் அதிலேயே குறித்துத் திருப்பி அனுப்புகிறது. பதில் கைக்கு வந்ததும், போகவும் வரவும் வழியில் எவ்வளவு பிடித்தது என்று கேட்டது கணக்குப் போடுகிறது. அதில் பாதியைப் பதிலோடு கூட்டிக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. வந்துசேர்வதற்குள் எந்தப் பதிலும் கொஞ்சம் பழசாகிவிடும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. யார் இவ்வளவு நிதானமாக உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்!

சர்வருக்கும் மணி சொல்ல ஒருவர் வேண்டுமே. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெள்ளைக் காளான் மாதிரி ஒரு ஆண்டெனா இருந்தது. ஒருமுறை துணிக்கடைக்காரர் மனைவி மிளகாய் காயவைத்த அலுமினியச் சட்டியை அதன்மேல் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க சர்வர் வானத்தைக் காணாமல் தவித்தது. மற்ற நாட்களில் காளானுக்கு மணி சொல்பவை சாட்டிலைட்டுகள். அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்கும், புகைக்கும், மேகத்துக்கும் மேலே, வயிற்றில் அணுக் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு அவை சுற்றிக்கொண்டே இருந்தன. அவ்வளவு உயரத்தில் நேரமே இங்கிருப்பதைவிடத் துளி வேகமாக ஓடுமாம். பூமிக்கு ஏற்ற மாதிரி அதைத் திருத்தித்தான் கீழே அனுப்புகிறார்களாம். இதைப் படித்த நாளிலிருந்து மாடிக்குப் போகும்போதெல்லாம் ப்ரியா அந்தக் காளானை லேசாகத் தொட்டுவிட்டு வருவாள். ஊருக்கு அடியில், மனிதன் என்றொருவன் வருவதற்கு முன்னால் நின்ற காடு கரியாகிக் கிடந்தது. தலைக்கு மேலே, நொடியைக் கோடித் துண்டாக நறுக்கி யாரோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் துணிக்கடை மாடியில் தான் நிற்பதை நினைத்தால் அவளுக்குக் கால் கூசும்.

டேட்டாவைப் பார்த்தாள். சர்வர் அரை வருடமாகச் சில நிமிடத்துக்கு ஒருமுறை கேட் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து, எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொண்டே வந்திருக்கிறது. யாரும் அதைத் திறந்ததில்லை. அத்தனையையும் அவள் ஒரே கோடாகத் திரையில் வரைந்தாள்.

கெட்டுப்போன கடிகாரத்தின் கோடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சரிவான பாதை மாதிரி ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போகும். இது அப்படியில்லை. காலையில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். பிறகு சமதளம். ஞாயிற்றுக்கிழமை பள்ளமே இல்லை. ஐப்பசி மழை கொட்டிய வாரங்களில் பள்ளங்கள் ஆழமாயின. வெயில் திரும்பியதும் மேலேறின. நடுநடுவே, தனியாக, கிணறு வெட்டியது போலச் சில பெரும் பள்ளங்கள். ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணறு எவ்வளவு தூரம் என்று எண்ணினாள். இருபத்தேழு நாள். அதற்கடுத்தது? இருபத்தேழு நாள். அதற்கும் அடுத்தது அப்படியே.

அது மாதக் கணக்கில்லை. சம்பள நாள், தணிக்கை நாள், கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிற நாள் எதுவும் இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை வருவதில்லை. இருபத்தேழு நாளில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது ஒன்றே ஒன்றுதான்.

ப்ரியா எழுந்து மாடிக்கு ஓடினாள். மாலை வெயில் இன்னும் இருந்தது. கிழக்கே யூகலிப்டஸ் மரங்களுக்கு மேல், துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி, முழுசாகத் தேறாத நிலா நின்றது. கம்ப்யூட்டருக்குள் மணியை ஓட்டத் துடித்துக்கொண்டிருப்பது ஒரு அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய ஸ்படிகத் துணுக்கு. கடலையே தூக்கி வைக்கிற இந்த நிலா, மைன்ஸ் ரோட்டில் இருக்கிற அந்தத் துணுக்கையும் இழுக்கிறதா? முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஓடியது. காளானை ஒருமுறை தொட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

"சார், நிலா சார்."

"என்ன நிலா?"

காட்டினாள். பாலகுமார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார்.

"அழகாத்தான் இருக்கு. காரணம்னு போட்டு 'நிலா'ன்னு மெயில் அனுப்பவா? பரிகாரத்துக்கு என்ன போடட்டும், நவக்கிரகத்துக்கு வெளக்கா?" என்றார். ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "எனக்குமே ஒரு மாதிரியாத்தாம்மா இருக்கு. வூட்டுக்குப் போ. காலைல பாப்போம்."

பதினோராம் பிளாக் குவார்ட்டர்ஸில் அம்மா சந்திரா பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். அப்பா செகண்ட் ஷிப்ட்.

"நாளைக்கு வடலூருக்குப் போயி ஜாக்கெட்டு வாங்கியாரணும்னியே, நாளைக்கு வேணாம்டி" என்றாள் அம்மா. "பூசம். ஜோதி பாக்கக் கூட்டம் அம்மும். ரயில்வே கேட்டத் தாண்டி ஒரு பஸ்ஸும் நகராது."

ப்ரியா தட்டைக் கீழே வைத்தாள்.

"மாசாமாசம் பூசம் வருமாம்மா?"

"ஆமா. தைப்பூசம் பெருசு. மத்த பூசத்துக்கும் சபையில ஜோதி காட்டுவாங்கல்ல. இந்த ஊர்லதான் பொறந்த, இதுகூடத் தெரியாதா?"

சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. தேதிகளுக்குக் கீழே எறும்பு ஊர்வது போல நட்சத்திரங்கள் அச்சாகியிருந்தன. போனிலிருந்த கோட்டையும் காலண்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முதல் கிணறு இருந்த தேதியில் பூசம். இரண்டாவது கிணற்றில் பூசம். தாளைத் தூக்கித் தூக்கிப் பின்னால் போனாள். பூசம். பூசம். தைப்பூசத்தன்று கிணறு இருப்பதிலேயே ஆழமாக இருந்தது.

ஒரு கம்ப்யூட்டர் நட்சத்திரம் பார்க்கிறது. கூடவே அம்மா சொன்ன இன்னொரு சொல்லும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ்.

மறுநாள் எட்டுக்கு வெகுமுன்பாகவே அவள் ஸ்கூட்டி லேபர் கேட்டில் நின்றது. கேட் கிளார்க் சிங்காரவேல் பதிவு அறையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அரைக்கை வெள்ளைச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை, ஒரு பழைய கைக்கடிகாரம்.

"இன்னா மேடம், விடிஞ்சும் விடியாம? மறுபடியும் செல்லு மாத்தப் போறீங்களா? நல்ல செல்லு மேடம் அது. எத்தினி வாட்டி கொல்லுவீங்க?"

"இல்லண்ணே. சும்மா உக்காந்து பாக்கலாம்னு வந்தேன்."

அவர் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "பாருங்க, பாருங்க" என்றார்.

டவுன்ஷிப்பிலிருந்து சைக்கிளிலும் நடந்தும் வருகிறவர்கள் முதலில் வந்தார்கள். விரல் வைக்க வைக்க மெஷின்கள் நன்றி சொல்லின. எட்டை நெருங்க நெருங்க சிங்காரவேல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தார். வந்து போனைப் பார்த்தார். ஃபேனைக் கூட்டினார்.

"மேடம், எதிர்க்க இஞ்சி டீ நல்லாருக்கும். ஒரு எட்டு போயி குடிச்சிட்டு வாங்களேன்."

"வேணாம்ணே."

"பன்னு கூட சூடா இருக்கும்."

"பரவால்லண்ணே."

அவருடைய போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. அவர் எடுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ கூட்டினார். மெஷின்களில் எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. ப்ரியாவைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். ரோடு காலியாகக் கிடந்தது. பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டி, கம்ப்யூட்டரின் மணியைப் பின்னால் நகர்த்தினார்.

சுவரில் இருந்த மெஷின்கள் வழக்கம்போலக் கம்ப்யூட்டரிடம் மணி கேட்டன. வழக்கம்போல நம்பின. எட்டைத் தொடப்போன எண்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து, ஏழு நாற்பதுக்கு வந்து நின்றன. போய்விட்ட நிமிடங்கள் அந்த வாசலுக்கு மட்டும் திரும்பி வந்தன. சாட்டிலைட்டுகளும் காளானும் சர்வரும் எங்கோ எட்டு மணி என்று சொல்லிக்கொண்டிருக்க, இங்கே காலம் ஒரு ஆள் சொன்னதற்குக் கட்டுப்பட்டுப் பின்னால் நடந்ததை ப்ரியா வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்துத் தூரத்தில் ஹாரன் கேட்டது. பஸ் முழுசாக நிற்பதற்குள் பெண்கள் குதித்து ஓடிவந்தார்கள். டிபன் தூக்குகளும் தலைத்துண்டுகளுமாக வாசல் நிறைந்தது. முன்னால் வந்தவள் வளையமாதேவி ஊர்க்காரி மலர்கொடி. போன முறை வந்திருந்தபோதே ப்ரியாவிடம் பேச்சுக் கொடுத்தவள். நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, இந்தப் பாஸை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள்.

"தோ பாருங்கடி! இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குது!" விரலை வைத்தாள். மெஷின் நன்றி சொன்னது. "நான்தான் சொன்னேன்ல? கூட்டத்துல மாட்டிக்கினு நின்னப்போ இவ அழுதே வுட்டா மேடம். மூணாவது லேட்டுடி, பாஸு போச்சுடின்னு. அழுவாதடி, நம்ம மெஷினு நமக்காவ நின்னுக்கினு இருக்கும்னேன். இருந்துச்சா?"

"ஆமா, ஒன் வூட்டுக்காரு நிக்கிறாரு, ஒனக்காவ!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது.

"அவரு எங்கடி நின்னாரு? இதுதாண்டி நிக்குது."

"உங்க போன்ல மணி எவ்ளோக்கா காட்டுச்சு?" என்று ப்ரியா கேட்டாள்.

"எட்டேகால்ன்னு என்னமோ காட்டுச்சு. போனு கெடக்குது மேடம், அது அம்பது பொய் சொல்லும். கம்பெனி மெஷினு தப்பாவா காட்டும்?" மலர்கொடி மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கடைசிப் பெண்ணும் போனதும் சிங்காரவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரின் மணியை முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"எடுத்தத வெச்சிடணும் மேடம். இல்லன்னா சாயந்தரம் அதுங்களுக்குத் திரும்பிப் போற பஸ்ஸு போயிடும்."

"எவ்ளோ எடுக்கணும்னு எப்படிண்ணே தெரியும்?"

"பஸ்ஸு வடலூர் ரயில்வே கேட்டத் தாண்டுனதும் கண்டக்டரு ஒரு மிஸ்டு கால் வுடுவாரு. அங்கேருந்து இங்க வர எவ்ளோ நேரம் புடிக்கும்னு எனக்குத் தெரியும். அதக் கூட்டிப் பாப்பேன். எவ்ளோ தேவையோ அவ்ளோதான் எடுப்பேன். ஒரு நிமிசம் சேத்து எடுத்ததில்ல, சத்தியமா. அந்தப் பக்கத்துலேருந்து காலைல அது ஒண்ணுதான் பஸ்ஸு. ரயிலு வந்தா கேட்டு போடுவான். மழைல ரோடு தண்ணில நிக்கும். பூசம் வந்தா கூட்டம். அதுக்கு அதுங்க இன்னா பண்ணும்?"

அரை வருடக் கோடு முழுவதும் ப்ரியாவின் கண்முன் விரிந்தது. மழை, ரயில், ஞாயிறு, நிலா. வழியில் பிடிக்கிற நேரத்தைக் கூட்டிக்கொள்கிற அதே கணக்கை, ஒரு ரிங் சத்தத்தை வைத்து, இந்த மனிதர் ஒவ்வொரு காலையும் போட்டிருக்கிறார். அந்தக் கோட்டை வரைந்தது ஒரு பஸ். மாடியில் நிலாவைப் பார்த்தபோது ஓடிய அதே சில்லிப்பு மறுபடி முதுகில் ஓடியது. இந்த முறை அது நெஞ்சுக்குள் வந்து நின்றது.

"அண்ணே, போன பூசத்தன்னைக்கு இவங்க எல்லாருக்கும் ஆப்சென்ட் விழுந்துச்சு, தெரியுமா?"

"தெரியும் மேடம். எங்கியோ கோளாறுன்னாங்க."

"கோளாறு இதுதான். இங்க மணி பின்னால போனா, எங்க சர்வர் இப்பல்லாம் இந்த மெஷின உள்ள விடாது. இன்னைக்கும் விட்டுருக்காது."

சிங்காரவேலின் முகம் வெளுத்தது.

"நானா?" என்றார். "நானா மேடம் அதுங்களுக்கு ஆப்சென்ட் போட்டேன்?"

"இன்னைக்கு உள்ளத நான் கையால ஏத்திடுறேன்ணே. அது என்னால முடியும்."

அப்போது அவள் போன் அடித்தது. பாலகுமார்.

"என்னம்மா, நிலா கெடச்சுதா? இன்னைக்கும் இருபது நிமிசம் எறங்கிருக்கு பாரு. காரணம் என்னவோ இருக்கட்டும், அத மெல்லச் சொல்லு. கதிரொளிக்காரன் லைன்ல நிக்கிறான். அந்தக் கேட் கம்ப்யூட்டர்ல நேரத்த யாருமே தொட முடியாம இங்கேருந்து பூட்டிடுறேன். சாட்டிலைட்டு சொல்றதுதான் மணி. ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சுது. நீ சரின்னு சொன்னா தட்டிடுறேன். தட்டவா?"

அவள் போனில் பேசுகிறவர் குரல் வெளியே பலமாகக் கேட்கும். அத்தனையும் சிங்காரவேலுக்குக் கேட்டிருந்தது. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷின்களைப் பார்த்தார். அவை ஒரே மணியை, ஒரே நொடியை, ஒன்றுபோலக் காட்டிக்கொண்டிருந்தன. வெளியே, சுரங்கத்தின் பக்கம், கன்வேயர் கிளம்பும் முனகல் கேட்டது.

"பூட்டச் சொல்லுங்க மேடம்" என்றார் சிங்காரவேல். "அதுங்களுக்கு ஆப்சென்ட் விழுறதுக்கு இது தேவல. நான் இனிமே தொடல."

ப்ரியா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஆனா ஒண்ணு மேடம்." அவர் கையை மேலே, தகரக் கூரைக்கும் அப்பால், காட்டினார். "அந்த சாட்டிலைட்டுங்கதான மணி சொல்லுதுங்க? நீங்க அதுங்ககூடப் பேசுறவங்க. காலைல மட்டும், அந்த ஒரு பஸ்ஸு கேட்டத் தாண்டுற வரைக்கும், கொஞ்சம் நின்னு வரச் சொல்றீங்களா?"